மாப்பிள்ளை நரசிம்மரின் மலைக்காடு

திருமால் உகந்து எழுந்தருளியுள்ள 108 திவ்ய தேசங்களுள் பெரும்பாலானவை ஆற்றங்கரைகளிலும் வயல் சூழ்ந்த ஊர்களிலும் அமைந்தவை. அங்கெல்லாம் தேரோடும் வீதி உண்டு, தெப்பக்குளம் உண்டு, கோயிலைச் சுற்றி வளர்ந்த ஊர் உண்டு. ஆந்திர மாநிலம் நந்தியால் மாவட்டத்தில் உள்ள அகோபிலம் அப்படிப்பட்டதன்று. அங்கே ஊர் சிறியது, காடு பெரியது. பெருமாள் ஊருக்குள் வந்து குடியேறவில்லை; குகையிலும் மரத்தடியிலும் ஓடைக்கரையிலும் ஒன்பது இடங்களில் காட்டுக்குள்ளேயே வீற்றிருக்கிறார். அவரைத் தரிசிக்கச் செல்வோர் காட்டின் வழியாகத்தான் செல்ல வேண்டும்.

முன்பு இந்தத் தலத்துக்குச் செல்வது பெரும்பாடாக இருந்தது. இன்று மேல் அகோபிலத்தின் வாசல் வரை பேருந்து செல்கிறது. காட்டின் உட்பகுதிக்கு ஜீப் செல்கிறது. வழி எளிதான பின் அடியார்கள் பெருகியது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் அடியார்கள் விட்டுச் செல்லும் பொருள்களும் அவர்களோடு பெருகிவிட்டன. எப்படிச் சென்று சேர்வது என்பதைப் போலவே, சென்ற இடத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதும் இன்று எண்ணிப் பார்க்க வேண்டியதாகிவிட்டது.

ஆழ்வார் கண்ட காடு

இத்தலத்தைத் தமிழில் பாடிய ஆழ்வார் திருமங்கை மன்னன் ஒருவரே. பெரிய திருமொழியில் பத்துப் பாசுரங்களால் 'சிங்கவேள்குன்றம்' என்று இதனைப் போற்றுகிறார். அப்பாசுரங்களில் இரணியனைப் பிளந்த பெருமானின் சீற்றம் எவ்வளவு இடம் பெறுகிறதோ, அவ்வளவு இடம் அந்தக் காட்டுக்கும் கிடைத்திருக்கிறது. காய்ந்த வாகை நெற்றுகள் காற்றில் ஒலிப்பதை ஆழ்வார் கேட்கிறார். மூங்கில்கள் ஒன்றோடொன்று உராய்ந்து பற்றிய தீயால் வானம் சிவப்பதைக் காண்கிறார். கழுகுகள் வட்டமிடும் உச்சிவெயிலையும், வில்லேந்திய வேடர்களின் ஆரவாரம் ஓயாத மலைச்சாரலையும் பாடுகிறார். தேவர்களுக்கு அல்லாமல் மற்றவர்க்குச் சென்று காண்பது அரிய இடம் என்பதே அவர் முடிவு.

கோயிலைப் பாட வந்தவர் வறண்ட காட்டையும் வேடரையும் ஏன் பாட வேண்டும்? அவையும் அத்தலத்தின் அங்கங்களே என்பதால்தான். திருவரங்கத்தைப் பாடும்போது காவிரியை விட்டுவிட முடியாதது போல, சிங்கவேள்குன்றத்தைப் பாடும்போது அந்தக் காட்டை விட்டுவிட முடியாது. ஆழ்வார் பாடிய மூங்கிலும் வாகையும் இன்றும் அம்மலைகளில் உள்ளன. வில்லேந்திய வேடர்களின் வழியில் வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் செஞ்சு மக்கள் என்று அழைக்கின்றனர்.

சேஷனின் திருமேனி

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய நல்லமலைத் தொடர், கிருஷ்ணா நதிக்கும் பெண்ணாற்றுக்கும் இடையே வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. தெலுங்கில் 'நல்ல' என்றால் கருமை. கருமலை என்று அவர்கள் சொல்வது தமிழர் காதில் நல்ல மலை என்றே விழுகிறது; அதுவும் பொருத்தமே. இம்மலைத் தொடரின் வடபகுதியில் நாகார்ஜுனசாகர்–ஸ்ரீசைலம் புலிகள் காப்பகம் உள்ளது. பரப்பளவில் நாட்டிலேயே மிகப் பெரிய புலிகள் காப்பகம் அது. அகோபிலத்துக் காடு அதற்கும் தெற்கேயுள்ள சேஷாசலக் காடுகளுக்கும் இடையே ஒரு பாலம் போல அமைந்திருக்கிறது. புலி, சிறுத்தை, கரடி, செந்நாய், புள்ளிமான் ஆகியவை வாழும் காடு இது.

இம்மலைகளைப் பெரியோர் வேறு விதமாகக் கண்டனர். ஆதிசேஷனே மலைத்தொடராகக் கிடக்கிறான். அவன் படமெடுத்த தலைமேல் திருமலையில் வேங்கடவன் நிற்கிறான், உடலின் நடுவில் அகோபிலத்தில் நரசிம்மன் வீற்றிருக்கிறான், வால் முனையில் ஸ்ரீசைலத்தில் மல்லிகார்ஜுனர் எழுந்தருளியிருக்கிறார் என்பது ஐதிகம். திருமலையே சேஷனின் திருமேனி என்பதால் அதைக் காலால் மிதிக்க அஞ்சிய பகவத் இராமானுஜர், முழந்தாளிட்டு மலையேறினார் என்று குருபரம்பரை வழி வந்தோர் சொல்வர். அதே சேஷனின் உடல்தான் அகோபிலத்திலும் நீண்டு கிடக்கிறது. அந்த உடம்பின் மேல் குடித்து முடித்த தண்ணீர்ப் புட்டியை எறிந்துவிட்டுப் போகலாமா என்பதை இராமானுஜரை நினைத்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஒன்பது நரசிம்மர்

அகோபிலம் கீழ், மேல் என இரு பகுதிகளாக உள்ளது. இரண்டுக்கும் இடையே சுமார் 8 கி.மீ. தொலைவு. கீழ் அகோபிலத்தில் பிரகலாத வரதர் கோயில் கொண்டிருக்கிறார். குழந்தை பிரகலாதனுக்கு அருளிய சாந்த வடிவம் இது. விஜயநகர மன்னர்கள் காலத்து மண்டபங்களும் தூண்களும் இங்கே கண்ணுக்கு விருந்தாகின்றன. கிருஷ்ணதேவராயர் கலிங்கப் போரின் காலத்தில் இங்கு வந்து வழிபட்டு ஆபரணங்கள் சமர்ப்பித்ததைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. இக்கோயில் தூண் சிற்பங்களில் ஒரு வேடுவப் பெண்ணோடு நரசிம்மர் நிற்கும் காட்சியும் உண்டு. ஆதிவராக வடிவங்களையும் தசாவதாரங்களையும் பார்த்துக்கொண்டே வரும் கண்கள் அங்கே சற்று நிற்கும். அந்தப் பெண்ணைப் பற்றிப் பின்னர் காண்போம்.

மேல் அகோபிலத்தில் மூலவர் குகைக்குள் உக்கிர நரசிம்மராக எழுந்தருளியிருக்கிறார். சுயம்பு மூர்த்தி. 'அகோ பிலம்' என்றால் வியத்தகு குகை என்றும், தேவர்கள் 'அகோ, என்ன பலம்!' என்று வியந்ததால் 'அகோ பலம்' என்றும் பெயர்க் காரணம் சொல்வர். கோயிலை ஒட்டி பவநாசினி ஓடுகிறது. பிறவியைப் போக்குபவள் என்பது அந்த ஓடையின் பெயர்ப் பொருள்.

மேல் கோயிலிலிருந்து ஓடைப்படுகையின் வழியே நடந்தால் வராக நரசிம்மரையும், திருமகளைத் தன் மடியில் அமர்த்திய மாலோல நரசிம்மரையும், இரணியனை வதைத்த சினம் கனலும் ஜ்வாலா நரசிம்மரையும் தரிசிக்கலாம். ஜ்வாலா நரசிம்மர் சன்னதியை அடையும் வழியில் மலையுச்சியிலிருந்து அருவி விழுகிறது. அருகே, பெருமாள் இரத்தம் தோய்ந்த தம் கைகளைக் கழுவிய இடம் என்று கூறப்படும் இரத்த குண்டம் உள்ளது. அதற்கும் மேலே, நரசிம்மர் வெளிப்பட்ட தூண் என்று போற்றப்படும் உக்கு ஸ்தம்பம் என்னும் பாறைப் பிளவு வானை நோக்கி நிற்கிறது.

கீழ் அகோபிலத்திலிருந்து மேலே செல்லும் சாலையோரத்தில் காரஞ்ச நரசிம்மர் புங்க மரத்தடியில் அமர்ந்திருக்கிறார். இவர் கையில் வில் உண்டு. கீழ் அகோபிலத்துக்கு அருகில் யோகானந்த நரசிம்மரும், சத்ரவட நரசிம்மரும், சற்றுத் தொலைவில் பார்கவ நரசிம்மரும் உள்ளனர். சத்ரவடர் ஆலமரக் குடையின் கீழ் இருப்பவர். ஆஹா, ஊஹூ என்னும் கந்தர்வர்களின் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து புன்முறுவலோடு தாளமிடும் அழகர் இவர். ஒன்பதின்மரில் காட்டின் ஆழத்தில் இருப்பவர் பாவன நரசிம்மர். அவரிடம் செல்லும் பாதை கரடுமுரடானது. அங்கே செஞ்சுலட்சுமித் தாயாரோடு பெருமாளைச் சேவிக்கலாம்.

செஞ்சுலட்சுமி

இரணியனை வதைத்த பின்னும் நரசிம்மரின் சினம் தணியவில்லை. தேவர்கள் துதித்தும் தணியவில்லை. பிரகலாதனைக் கண்டு சற்றுக் கனிந்தாலும், காட்டில் தனியே திரிந்துகொண்டிருந்தார். அப்போது அம்மலைக் காட்டில் செஞ்சு குலத்துப் பெண்ணொருத்தியைக் கண்டார். மகாலட்சுமியின் அம்சமாக அக்குலத்தில் பிறந்தவள் அவள். அவளைக் கண்டதும் கோபம் காதலாயிற்று. அவளை மணந்து சாந்தமடைந்தார் என்பது தல வழக்கு.

இந்தக் கதையை நாட்டுப்புற மக்கள் இன்னும் விரித்துச் சொல்வார்கள். பெண் கேட்டு வந்தவர் வைகுண்டநாதர் என்பதற்காகப் பெண் வீட்டார் உடனே இசைந்துவிடவில்லை. எங்கள் பெண்ணைக் கட்டுகிறவனுக்கு மரம் ஏறத் தெரியுமா, தேன் எடுக்கத் தெரியுமா, கிழங்கு தோண்டத் தெரியுமா என்று கேட்டார்கள். பெருமாளும் அந்தக் காட்டு வேலைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டு செய்து காட்டிய பிறகே பெண்ணைக் கொடுத்தார்கள். காட்டுக்கு வந்தவர் காட்டின் முறைக்குப் பணிந்தார் என்பதே கதையின் சாரம்.

தினைப்புனம் காத்த வள்ளியை மணக்க முருகப்பெருமான் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவராகவும் வேடமிட்ட கதையில் ஊறிய தமிழர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. மருமகன் உறவு நம் இரு தெய்வங்களையும் மலைமக்களோடு பிணைத்திருக்கிறது.

இந்தக் கதையைப் படித்தவர்கள் ஒதுக்கிவிடவும் இல்லை. அகோபில மடத்தின் ஏழாம் பட்டத்து ஜீயர் சுவாமிகள், நரசிம்மர் வனதேவதையான வாசந்திகையை மணந்ததை 'வாசந்திகா பரிணயம்' என்னும் வடமொழி நாடகமாக இயற்றினார். 1958ஆம் ஆண்டில் வந்த 'செஞ்சுலட்சுமி' திரைப்படத்தை இன்றைய முதியோர் பலர் தம் இளமையில் பார்த்திருப்பார்கள். ஆனால் நாடகத்திலும் திரையிலும் மட்டுமே அந்தப் பெண் வாழவில்லை. நரசிம்மரை 'ஓபுலேசு' என்று உரிமையோடு அழைத்து, மருமகன் என்றும் மைத்துனன் என்றும் சொந்தம் கொண்டாடும் மக்கள் அவளுடைய குலத்தவராக இன்றும் நல்லமலையில் வாழ்கிறார்கள். ஸ்ரீசைலத்து மல்லிகார்ஜுனரும் தங்கள் குலப்பெண்ணை மணந்தவர் என்று கூறி, அவரைச் 'செஞ்சு மல்லய்யா' என்று அழைப்பதும் இவர்களின் வழக்கம். சைவ, வைணவப் பெருந்தலங்கள் இரண்டுக்கும் சம்பந்தி வீடு ஒன்றே.

ஊர் ஊராக அழைக்க வரும் பெருமாள்

அகோபிலத்தில் பக்தர்கள் மட்டும் யாத்திரை செய்வதில்லை. பெருமாளும் யாத்திரை செய்கிறார்.

தை மாதம் சங்கராந்திக்கு மறுநாளாகிய கனுமவன்று 'பாருவேட்டை' உற்சவம் தொடங்குகிறது. ஜ்வாலா நரசிம்மரும் பிரகலாத வரதரும் ஒரே பல்லக்கில் எழுந்தருளிப் புறப்படுகிறார்கள். செஞ்சு ஆண்கள் வில்லிலிருந்து அம்பெய்து மரியாதை செலுத்துகிறார்கள். அதன்பின் பல்லக்கு மலையடிவாரத்துக் கிராமங்களுக்குச் செல்கிறது. நாற்பது நாட்களுக்கும் மேலாக, முப்பதுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பெருமாள் போகிறார். ஒவ்வோர் ஊரிலும் அவர் இறங்குவதற்கென்று மேடை உண்டு. பல்லக்குச் சுமக்கும் உரிமை பரம்பரையாக வருவது. பல்லக்கு வரும் நாளே அந்தந்த ஊரின் திருவிழா நாள். வெளியூரில் வாழும் பிள்ளைகளும் பெண்களும் அன்று ஊருக்கு வந்துவிடுவர்.

பெருமாள் ஏன் போகிறார்? தம் கல்யாணத்துக்கு அழைக்கப் போகிறார். பங்குனியில் வரும் பிரம்மோற்சவத்தில் நடக்கும் திருக்கல்யாணத்துக்கு வீட்டுப் பெரியவர் வாசல் வாசலாகச் சென்று தாம்பூலம் வைத்து அழைப்பதுபோல, மாப்பிள்ளையே நேரில் வந்து அழைக்கிறார் என்பது மக்களின் நம்பிக்கை. அழைப்பில் சாதி வேறுபாடு இல்லை.

அகோபில மடத்தின் வரலாறும் இதே போன்ற ஒரு பயணத்தில்தான் தொடங்குகிறது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருநாராயணபுரத்தைச் சேர்ந்த ஸ்ரீநிவாசாசாரியாருக்கு நரசிம்மரே துறவறம் அளித்து ஆதிவண் சடகோப ஜீயராக்கினார் என்றும், ஒன்பது நரசிம்மருள் மாலோலனின் உற்சவ மூர்த்தி தாமே அவர் கைக்கு வந்தார் என்றும் மட வரலாறு கூறுகிறது. ஊர் ஊராகச் சென்று அனைவருக்கும் சரணாகதி நெறியைச் சொல்லுமாறு பெருமாள் பணித்தாராம். இன்று 46ஆம் பட்டத்து அழகியசிங்கர் காலத்திலும் மாலோலன் ஜீயரோடு சஞ்சரித்துக்கொண்டே இருக்கிறார். தமிழ்நாட்டில் பல குடும்பங்கள் மாலோலனைத் தங்கள் ஊரிலேயே சேவித்தவை. அவரது மலைவீடு எப்படிப்பட்டது என்பதை அகோபிலத்தில்தான் காண முடியும்.

காட்டின் மக்கள்

செஞ்சு மக்கள் தெலுங்கின் ஒரு வழக்கைப் பேசுகிறார்கள். அரசு இவர்களை மிகவும் நலிவுற்ற பழங்குடியினர் பட்டியலில் வைத்திருக்கிறது. இவர்களின் குடியிருப்புக்குப் 'பெண்ட' என்றும் 'கூடெம்' என்றும் பெயர். வட்டமான சுவரும் கூம்பு வடிவக் கூரையும் கொண்டவை இவர்களின் பழைய குடிசைகள். தேன், பிசின், புளி, பூந்திக்கொட்டை, இலுப்பைப் பூ, கிழங்கு ஆகியவற்றைச் சேகரித்து வாழ்வது இவர்களின் வழிவழி வந்த வாழ்க்கை. செங்குத்தான பாறையில் கயிறு கட்டி இறங்கி மலைத்தேன் எடுப்பதில் வல்லவர்கள்.

ஆஸ்திரிய நாட்டு மானிடவியல் அறிஞர் ஃபியூரர் ஹைமண்டார்ஃப் நல்லமலையின் வடபகுதியில் இவர்களோடு தங்கி ஆராய்ந்து 1943இல் ஒரு நூல் வெளியிட்டார். காரெல மைசம்மா என்னும் வனதேவதைக்கு முதலில் ஒரு சிறு பங்கைப் படைத்த பிறகே காட்டில் கிடைத்ததை உண்ணும் இவர்களின் வழக்கத்தை அவர் பதிவு செய்திருக்கிறார். நம் வீடுகளில் நிவேதனம் ஆகாமல் சோற்றைத் தொடக் கூடாது என்று பாட்டிமார் சொல்லி வந்ததற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

முற்காலத்தில் ஸ்ரீசைலத்துக்குக் காட்டு வழியே நடந்து சென்ற யாத்திரிகர்களுக்குச் செஞ்சுக்களே வழித்துணை. கள்வரிடமிருந்தும் விலங்குகளிடமிருந்தும் காத்தவர்கள். அதற்கென யாத்திரிகர்களிடம் ஒரு சிறு தொகை பெறும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது. இன்று புலிகள் காப்பகத்தில் வனத்துறையின் காவல் முகாம்களில் செஞ்சு இளைஞர்கள் பணியாற்றுகிறார்கள். காலடித் தடம் பார்த்து விலங்கின் போக்கைச் சொல்வதில் அவர்களுக்கு நிகரில்லை. அன்று யாத்திரிகரைக் காத்தவர்களின் பேரர்கள் இன்று புலியைக் காக்கிறார்கள்.

ஆயினும் நிலையான வருவாய், படிப்பு, மருத்துவம் ஆகியவற்றில் இவர்கள் இன்னும் பின்தங்கியே உள்ளனர். திருக்கல்யாணத்தில் பெண் வீட்டாராக மதிக்கப்படுகிறவர்கள், மற்ற நாட்களில் வழியோரத்தில் நின்று வேடிக்கைப் பொருளாகப் பார்க்கப்படுவதும் நடக்கிறது. யாத்திரை செல்வோர் நினைத்தால் இதை மாற்ற முடியும்.

சம்பந்தி வீட்டில் நடக்கும் முறை

சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது எப்படி நடக்க வேண்டும் என்பதை நம் வீட்டுப் பெரியவர்கள் அறிவார்கள். கேளாமல் உள்ளறைக்குள் போக மாட்டார்கள். உரக்கப் பேச மாட்டார்கள். அவர்கள் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டைக் குப்பையாக்கிவிட்டு வர மாட்டார்கள். நல்லமலை பெருமாளின் மாமனார் வீடு. அதே ஒழுங்கே அங்கும் பொருந்தும்.

முதலாவது, நெருப்பு. இது கோடையில் இலையுதிர்க்கும் வறண்ட காடு. மாசி தொடங்கி ஆனி வரையில் தரையெல்லாம் சருகு. மூங்கில் உராய்ந்து பற்றும் தீயை ஆழ்வார் பாடினார். இன்றைய காட்டுத்தீக்குப் பெரும்பாலும் மனிதரின் கவனக்குறைவே காரணமாகிறது. காட்டுச் சன்னதிகளின் வெளியே பாறை மீதும் மரத்தடியிலும் கற்பூரம் ஏற்றுவது, அணைக்காத ஊதுபத்தியைச் செருகிவிட்டு வருவது, அடுப்பு மூட்டிச் சமைப்பது ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அர்ச்சகர் சன்னதிக்குள் காட்டும் தீபமே போதுமானது. வெளியே கைகூப்பிய வணக்கத்தைப் பெருமாள் குறைவாக எண்ண மாட்டார்.

இரண்டாவது, நீர். பவநாசினியில் நீராடுவது புண்ணியம். சோப்பும் ஷாம்பும் பூசிக் குளிப்பது வேறு செயல். பரிகாரம் என்று உடுத்திய துணியை ஓடையில் விடும் வழக்கத்துக்கு இங்கே இடம் தரலாகாது. அந்தத் துணி பாறையிடுக்கில் சிக்கி அழுகும். கீழே மானும் கரடியும் குடிக்கும் நீர் அதுதான்.

மூன்றாவது, நெகிழிப் பை. கொண்டு செல்லும் புட்டி, பை, தட்டு அனைத்தையும் திரும்பக் கொண்டு வருவதற்கு ஒரு துணிப்பை தனியே வைத்துக்கொள்வது நல்லது. வீட்டிலிருந்து ஒரு செம்போ எவர்சில்வர் புட்டியோ கொண்டு சென்றால் பாதிச் சுமை குறையும். குரங்குகளுக்குப் பழமும் பிஸ்கட்டும் கொடுப்பது தானமாகாது. கொடுத்துப் பழக்கிய குரங்கு நாளை கைப்பையைப் பறிக்கும். தன் காட்டு உணவைத் தேடவும் மறக்கும்.

நான்காவது, மனிதர். செஞ்சு மக்களைக் கண்டால் உடனே படமெடுக்கக் கைபேசியை நீட்டுவது தவறு. நம் வீட்டு வாசலில் முன்பின் தெரியாதவர் வந்து நின்று நம் பேத்தியைப் படமெடுத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும். வண்டியிலிருந்தபடி குழந்தைகளுக்கு மிட்டாயும் பழைய துணியும் வீசுவது அதைவிடத் தவறு. உதவ எண்ணுவோர் அவர்களின் உழைப்புக்கு உரிய விலை கொடுக்கலாம். பழங்குடியினர் சேகரிக்கும் தேன் முதலியவற்றை வாங்கி விற்பதற்கென்றே ஆந்திர அரசின் கிரிஜன் கூட்டுறவுக் கழகம் 1956 முதல் இயங்கி வருகிறது. அதன் விற்பனை நிலையத்தில் வாங்கும் தேன் நல்ல தேனாகவும் இருக்கும். அதன் பயன் தேனெடுத்தவரையும் சேரும்.

ஐந்தாவது, வழிபாடு. சில காட்டுச் சன்னதிகளில் சுற்றுவட்டாரக் கிராமத்தார் தங்கள் குல வழக்கப்படி படையலிட்டு வழிபடுவதுண்டு. ஆகம முறையில் பழகிய கண்களுக்கு அது வேறாகத் தோன்றலாம். ஆகமம் எழுதப்படுமுன்பே அவரைத் தங்கள் வீட்டு மாப்பிள்ளையாக ஏற்றவர்கள் நாங்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள். அவர்களைத் திருத்தப் புகாமல், நம் வழிபாட்டை நாம் செய்து திரும்புவதே முறை. பாகவத அபசாரத்தைப் பெருமாள் பொறுப்பதில்லை என்று ஆசாரியர்கள் சொன்னதை இங்கே நினைவில் கொள்வது தகும்.

முதியோர் செல்லும் முறை

ஒன்பது நரசிம்மரையும் ஒரே நாளில் சேவித்துவிட வேண்டும் என்று பலர் புறப்படுகிறார்கள். அப்படி ஒரு விதி இல்லை. அவசரப்பட்டு ஓடினால் தரிசனம் கணக்காக மட்டுமே மிஞ்சும். ஜீப் ஓட்டுநரும் காட்டு வழியில் வேகமாகச் செல்ல நேரிடும். மூன்று நாட்கள் ஒதுக்கினால் உடம்புக்கும் நல்லது, மனத்துக்கும் நிறைவு.

முதல் நாள் பிரகலாத வரதரையும், அருகிலுள்ள யோகானந்தர், சத்ரவடர் ஆகியோரையும் சேவிக்கலாம். இவ்விடங்களுக்கு வண்டியிலேயே செல்லலாம். இரண்டாம் நாள் காலையில் காரஞ்சரையும் மேல் அகோபிலத்து மூலவரையும் சேவித்து, உடல் ஒத்துழைத்தால் வராகரையும் மாலோலரையும் தரிசிக்கலாம். ஜ்வாலா நரசிம்மர் சன்னதிக்குப் பாறைகளின் மீதும் படிகளிலும் ஏறிச் செல்ல வேண்டும். முழங்கால் வலி உள்ளோர் மருத்துவரைக் கேட்ட பின்பே முயல வேண்டும். மூன்றாம் நாள் வனத்துறை அனுமதிக்கும் வண்டியில் பார்கவரையும் பாவன நரசிம்மரையும் சேவிக்கலாம். பாவன நரசிம்மர் சன்னதிக்குச் செல்லும் ஜீப் மிகவும் குலுங்கும். முதுகுவலி உள்ளோர்க்கு ஏற்றதன்று.

நடக்க இயலாதவர்களை மேலே தூக்கிச் செல்ல டோலி உண்டு. நால்வர் தோளில் சுமந்து பாறையேறுகிறார்கள். பேரம் பேசும்போது அந்தத் தோள்களை நினைக்க வேண்டும். பேசிய கூலியோடு அவர்களின் உணவுக்கும் சேர்த்துக் கொடுப்பது பெரியோர்க்கு அழகு. வழியில் நிழல் கண்ட இடத்தில் அவர்களை இளைப்பாறச் சொல்வதும் கைங்கரியமே.

காலையில் கிளம்பி மாலை மயங்குவதற்குள் காட்டை விட்டு வெளியேறிவிட வேண்டும். இரவில் அது அவர்களின் காடு, புலியின் காடு. மழை நாட்களில் ஓடையில் நீர் பெருகினால் வழி நிறுத்தப்படும். அப்போது வாதாடாமல் அடுத்த முறைக்கு விட்டுவிடுவதே நல்லது.

எப்படிச் செல்வது?

சென்னையிலிருந்து மும்பை செல்லும் ரயில் பாதையில் கடப்பையில் இறங்கி, மைதுகூர் வழியாக அல்லகட்டாவை அடையலாம். அங்கிருந்து அகோபிலம் சுமார் 25 கி.மீ. நந்தியாலிலிருந்து சுமார் 70 கி.மீ. தொலைவு. கீழ் அகோபிலத்தில் மடத்தின் விடுதியும் அரசு சுற்றுலாத் துறையின் விடுதியும் உள்ளன. கார்த்திகை முதல் மாசி வரையிலான மாதங்கள் பயணத்துக்கு உகந்தவை. மாதந்தோறும் சுவாதி நட்சத்திரத்தன்று நரசிம்மருக்குத் திருமஞ்சனம் சிறப்பு. கோடையில் நரசிம்ம ஜயந்திக்குச் செல்வோர் வெயிலையும் தண்ணீர்த் தேவையையும் மனத்தில் கொண்டு திட்டமிட வேண்டும்.

மலையேற இயலாத முதியோர் வருந்த வேண்டியதில்லை. தூணைப் பிளந்துகொண்டு ஒரு குழந்தைக்காக வந்தவர், மலைமேல் மட்டும் இருந்துவிடவில்லை. ஏறமுடியாதவர்களுக்காகவே கீழே பிரகலாத வரதராக அமர்ந்திருக்கிறார். அவர் சன்னதி மண்டபத்தில் அமர்ந்து, தூணில் செஞ்சுலட்சுமியோடு நிற்கும் திருக்கோலத்தைக் கண்டு, அவள் பிறந்த காட்டை மனத்தால் வணங்கினாலும் யாத்திரை நிறைவுறும். அந்தக் காடு கெடாதிருந்தால், தையில் பல்லக்கு ஊர் ஊராகச் செல்லும். பங்குனியில் கல்யாணம் நடக்கும். பெண் வீட்டாரும் வில்லோடு முன்னால் வந்து நிற்பார்கள்.